புல்தரையை மீண்டும் பூந்தோட்டமாக்க எதை, எப்போது, எவ்வளவு வாங்குவது?

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள இடம் ஒரு காலத்தில் பூந்தோட்டமாக இருந்தது. பராமரிக்க நேரமில்லாமல் போனதால், சுருளாகச் சுருட்டி விற்கப்படும் ஆயத்தப் புல்லை வாங்கிப் பரப்பிவிட்டோம். அந்தப் புல்லுக்கு ஆகும் நீரும் உழைப்பும் பூச்செடிகளுக்கு ஆனதைவிடக் கூடுதலாகவே இருப்பதால், பழையபடி பூச்செடிகளையே வைக்க விரும்புகிறோம். தோட்டம் அமைப்பவர் ஒருவர், புல்லைச் சீவி அப்புறப்படுத்துவது, 2 லாரி மண், களை முளைக்காமலிருக்க மண்ணின்மேல் விரிக்கும் தரைத்துணி, 300 செடிகள் என எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துத் தருவதாக மதிப்பீடு கொடுத்திருக்கிறார். நாங்களே சிறிது சிறிதாகச் செய்தால் எவற்றை வாங்க நேரிடும்? அவருடைய மதிப்பீட்டில் எவை தேவையற்றவை?

பதில்: அந்த மதிப்பீட்டில் நான் முதலில் அடிக்கக்கூடியது 2 லாரி மண்தான். முன்பு பூச்செடிகளையும் பின்னர் அடர்ந்த புல்லையும் வளர்த்த மண், மறுபடியும் பூச்செடிகளை வளர்க்கும். அதற்குத் தேவைப்படுவது மட்கிய உரமே தவிர வேறோர் இடத்து மண் அன்று. வெளியிலிருந்து வரும் மண் எங்கே தோண்டப்பட்டது என்பதைப் பெரும்பாலும் விற்பவரே அறிய மாட்டார் என்பதோடு, அதில் கோரைக்கிழங்கு கலந்து வந்துவிட்டால், இப்போது இருக்கும் புல்லைவிடப் பெரிய தொல்லையை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும். கோரையின் கூர்முனை பாலித்தீன் தாளையே துளைத்துக்கொண்டு வெளிவரும். நிலம் பள்ளமாக இருந்து மட்டத்தை உயர்த்தியாக வேண்டும் என்றால் மட்டுமே லாரி மண்ணைப் பற்றி யோசிக்கலாம்.

300 செடிகள் என்ற கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடியின் சீட்டிலும், அது முழுதாக வளர்ந்த பின் எவ்வளவு அகலம் பரவும் என்பது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கும் செடி என்றால் 1 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 செடிகளும், 30 சென்டிமீட்டர் என்றால் 11 செடிகளும் போதும். முதல் வகையாக இருந்தால் உங்களுடைய 40 சதுர மீட்டருக்கு 200 செடிகளே போதுமானவை. நட்ட அன்றே தோட்டம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக நெருக்கி நடப்படும் செடிகளில் ஒரு பகுதியை, இரண்டாம் ஆண்டில் நீங்களே பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்.

படிப்படியாகச் செய்வதில் உள்ள உண்மையான ஆதாயம், ஒவ்வொரு கொள்முதலையும் முந்தைய வேலையின் விளைவைப் பார்த்த பிறகு செய்யலாம் என்பதுதான். ஆனால் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த ஆதாயம் கூடவோ குறையவோ செய்யும். பலரும் புல்தரையின் நடுவில் அழகாக ஒரு வட்டப் பாத்தி வெட்டித் தொடங்குகிறார்கள். 10 சதுர மீட்டர் வட்டத்தின் சுற்றளவு 11 மீட்டருக்குச் சற்றே மேல். அவ்வளவு தூரத்துக்கும் புல் நான்கு திசையிலிருந்தும் பாத்திக்குள் நுழையும். அதே 10 சதுர மீட்டரை, 5 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓரத்தில், சுவரையோ நடைபாதையையோ ஒட்டி 2 மீட்டர் பட்டையாக எடுத்தால், புல்லுக்கும் பாத்திக்கும் இடையே உள்ள எல்லை 5 மீட்டர் மட்டுமே. அடுத்த ஆண்டு அந்த எல்லையை இன்னொரு 2 மீட்டர் நகர்த்தினாலும் அதன் நீளம் கூடாது. நான்கு ஆண்டுகளில் இடம் முழுவதும் மாறிவிடும். எல்லையில் தட்டையான மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, அவ்வப்போது அதைப் புதுப்பித்துவந்தால் போதும். நிலத்தில் பதிக்கும் நெகிழி விளிம்புப் பட்டைகளை வாங்கத் தேவையில்லை. ஆழமில்லாத பட்டைகளுக்கு அடியில் புல் சர்வசாதாரணமாக நுழைந்துவிடும்.

எதையும் வாங்கும் முன்பாக மண்வெட்டியால் ஒரு துண்டுப் புல்லைப் பெயர்த்துப் பாருங்கள். ஆயத்தப் புல்லில் சில சமயம் மெல்லிய நெகிழி வலை இருக்கும். அது ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடந்து, மண்ணைக் கிளறும் இயந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் புல்லை வலையோடு சேர்த்துச் சீவியெடுப்பதைத் தவிர நல்ல வழி கிடையாது. வலை இல்லையென்றால் புல்லின் குணத்தைக் கவனியுங்கள். கொத்தாக நின்று சல்லிவேர் மட்டுமே விடும் புல் எளிதில் அடங்கும். அருகம்புல்லைப் போல மண்ணுக்கு மேலும் உள்ளும் கணுக்கணுவாகத் தண்டு ஓட்டும் புல் என்றால், உழும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். அது ஒரு தண்டைப் பத்தாக நறுக்கும். ஒவ்வொரு துண்டின் கணுவிலிருந்தும் புதுப்புல் கிளம்பும்.

வலை இல்லாத இடத்தில் நான் பரிந்துரைப்பது அட்டை மூடாக்கு. புல்லை முடிந்த அளவுக்கு ஒட்ட வெட்டி, நன்றாக நீர் விட்டு, பழுப்பு நிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் படியுமாறு பரப்பி, அதன்மேல் மரச்சில்லோ காய்ந்த இலையோ 10 சென்டிமீட்டர் கனத்துக்கு இட வேண்டும். ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் முன்னதாகவே அகற்றிவிடுங்கள். பளபளப்பான வண்ண அச்சுள்ள அட்டைகளைத் தவிருங்கள். இதற்கென்று சுருளாக விற்கப்படும் தாள்கள் இருக்கின்றன; பெரிய வீட்டுச் சாதனங்கள் வரும் பெட்டிகளே அந்த வேலையைச் செய்வதால் அவற்றை வாங்க நான் சொல்ல மாட்டேன். புல் இறக்க 3 முதல் 6 மாதம் வரை பிடிக்கலாம். ஓடும் புல்லாக இருந்தால், ஓரங்களிலும் இணைப்புகளிலும் தலைநீட்டும் தண்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடுங்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி அட்டையைப் போடாமல் சிறிது இடம் விட்டால், கரையான் ஏறும் வாய்ப்புக் குறையும்.

காத்திருக்க முடியாதவர்கள் கடும் வெயில் காலத்தில், ஈரமான மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, 4 முதல் 8 வாரம் விட்டுவைக்கலாம். வெப்பமான, மேகமற்ற நாட்கள் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் இது பலிக்கும். வாங்கும் தாள் வெயிலைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையேல் அது நொறுங்கித் துகளாகி மண்ணிலேயே கலந்துவிடும். சீவியெடுக்கும் முறையில், பெயர்த்த புல்லை ஏற்றிச் செல்வதற்காக யாருக்கும் கூலி கொடுக்காதீர்கள். வலை இல்லாத புல்லைத் தலைகீழாக அடுக்கி, வெளிச்சம் புகாமல் மூடிவைத்தால், ஓராண்டில் அதுவே நல்ல மண்ணாகிவிடும். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிக்கு பல நாடுகளில் கட்டுப்பாடுகள் உள்ளன. அனுமதி இருக்கும் இடத்திலும், பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும் புல்லில்தான் அது வேலை செய்யும் என்பதால், காய்ந்து கிடக்கும் தரையில் தெளித்துப் பயனில்லை.

புல் இறந்தது உறுதியான பிறகே உரம் வாங்குங்கள். 1 சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் கனம் என்பது 10 லிட்டர். ஆகவே 10 சதுர மீட்டர் பட்டைக்கு 5 சென்டிமீட்டர் கனத்தில் 500 லிட்டர், அதாவது 50 லிட்டர் மூட்டைகள் 10 தேவை. எடைக்கு விற்கப்படும் மட்கு உரத்தில் பாதி வரை நீராகவே இருக்கக்கூடும் என்பதால், கன அளவு குறிப்பிட்டு விற்பவரிடம் வாங்குவதே மேல். தொழுவுரம் வாங்குவதானால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கப்படும் அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் கால்நடையின் வயிற்றைக் கடந்து, சாணத்தில் தங்கி, மட்கிய பின்னும் அகன்ற இலைச் செடிகளைக் கெடுக்கும் வலிமையுடன் இருக்கின்றன. புல்லினத்துக்கு அவற்றால் கேடில்லை என்பதால் விற்பவரின் கண்ணுக்கும் குறை தெரியாது. எனவே முதலில் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, அந்த உரம் கலந்த மண்ணில் 3 தொட்டிகளும், அது கலக்காத மண்ணில் 3 தொட்டிகளும் வைத்து அவரை விதை போட்டுப் பாருங்கள். 3 வாரத்தில் முதல் வகைத் தொட்டிகளில் மட்டும் இலைகள் கிண்ணம்போல் குவிந்தோ தண்டு முறுக்கியோ இருந்தால், மீதி மூட்டைகளை வாங்காதீர்கள். எல்லா மூட்டைகளையும் இறக்கிப் பரப்பிய பிறகு இதைக் கண்டுபிடித்தால், திருப்பிக் கொடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

செடிகளைக் கடைசியாக வாங்குங்கள். பூத்துக் குலுங்கும் பெரிய தொட்டிச் செடியைவிட, அதே வகையின் இன்னும் பூக்காத சிறு தொட்டிச் செடி விலை குறைவாக இருக்கும். பெரும்பாலும் இடத்துடன் விரைவாகவும் பொருந்தும். தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்க்க விற்பவர் அனுமதிக்க வேண்டும். வேர் சுற்றிச் சுற்றி வளையமாக இறுகியிருந்தால் வேறு செடியைக் கேளுங்கள். வேரிலிருந்து பக்கத்தளிர் விட்டுப் புதராகும் வகைகளில் 3 செடிகள் வாங்கினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவற்றைப் பிரித்து அடுத்த பட்டைக்கு நடலாம். இதனால் மூன்றாம், நான்காம் பட்டைகளுக்கு நீங்கள் வாங்க வேண்டிய செடிகள் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. ஒரே தடவையில் 300 செடிகளை விற்க நினைப்பவர் இந்த வழியைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: தரைத்துணி போட்டால் களையே வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு உண்மை. பிறகு துணியின்மேல் தூசியும் மக்கிய இலையும் படிந்து, காற்றில் வரும் களைவிதைகள் அதிலேயே முளைத்து, வேரைத் துணியின் இழைகளுக்குள் செலுத்திவிடும். களையைப் பிடுங்கினால் துணியும் கூடவே எழும். பூச்செடிகள் புதராகப் பரவுவதையும், உதிர்ந்த விதைகள் முளைப்பதையும் அதே துணி தடுக்கும். சரளைக்கல் நடைபாதைக்கு அடியில் போடலாம், பூப்பாத்திக்கு வேண்டாம்.

கேள்வி: புல்தரையின் ஒரு மூலையில் புல்லைச் சீவிவிட்டு, பலவகைப் பூ விதைக் கலவைப் பொட்டலம் ஒன்றை வாங்கித் தூவினேன். ஏறக்குறைய எதுவுமே முளைக்கவில்லை. கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கும் முன் குற்றம் விதையினுடையதா, மண்ணினுடையதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். பொட்டலத்தில் மீதமுள்ள விதைகளில் 50 எண்ணி எடுத்து, ஈரமான தாள்களுக்கு நடுவே வைத்து, தாள் காயாமல் இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நன்றாக முளைத்தால் விதையைக் குறை சொல்ல வழியில்லை. அப்போது, அந்தப் புல்தரையில் அண்மையில் என்ன இட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். களைகள் முளைக்கும் முன்பே தடுப்பதற்காகப் புல்தரையில் இடப்படும் பென்டிமெத்தலின் போன்ற மருந்துகள் மண்ணில் மாதக்கணக்கில் தங்கி, களைவிதை என்றும் பூவிதை என்றும் வேறுபாடு பார்க்காமல் முளையை அழிக்கும். உரமும் களைக்கொல்லியும் சேர்ந்த கலப்புப் பொருட்களில் இத்தகைய மருந்து இருப்பதுண்டு. பையின் முகப்பில் பச்சைப்புல் படமே பெரிதாக இருப்பதால், வாங்குபவர் அதை வெறும் உரம் என்று நினைத்துவிடுகிறார். எவ்வளவு காலம் கழித்து விதைக்கலாம் என்பது பையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

தாளிலும் முளைக்கவில்லை என்றால், சில வகை விதைகளுக்குக் குளிர்காலம் ஒன்று கடந்தாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, பொட்டலத்தில் அப்படிக் குறிப்பு ஏதும் இல்லாதபோது, ரசீது, தொகுதி எண் தெரியும் பொட்டலம், தாளில் வைத்த விதைகளின் படம் ஆகியவற்றுடன் கடைக்காரரை அணுகுங்கள். பயன்படுத்தும் காலவரையறை முடிந்த பொட்டலத்தை விற்றிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகும்.

அடுத்த முறை வாங்கும்போது, கலவையில் உள்ள இனங்களின் பெயர்கள், தூய்மை விழுக்காடு, முளைப்புத்திறன் விழுக்காடு, அதைச் சோதித்த தேதி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூய்மை 90 விழுக்காடும் முளைப்புத்திறன் 80 விழுக்காடும் என்றால், 100 கிராம் பொட்டலத்தில் முளைக்கக்கூடிய விதை 72 கிராம்தான். சில பொட்டலங்களில், தூவ எளிதாக இருக்கும் என்ற பெயரில் எடையின் பெரும்பகுதி மணலாகவோ உமியாகவோ வேறு நிரப்புப் பொருளாகவோ இருக்கும். இரண்டு பொட்டலங்களின் விலையை ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

கேள்வி: புல்தரை குறைந்துகொண்டே போவதால் புல்வெட்டும் இயந்திரத்தையும் நீர்த் தெளிப்பானையும் இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: கடைசிப் பட்டையை மூடும் வரை இயந்திரம் தேவைப்படும். அட்டையைப் போடும் முன் ஒட்ட வெட்டவும் அதுதான் உதவும். களைக்கொல்லி படாத புல்லாக இருந்தால், வெட்டிய புல்லை உலர்த்திச் செடிகளுக்கிடையே மெல்லிய மூடாக்காக, தண்டைத் தொடாமல் இடலாம். தெளிப்பானை மட்டும் பூப்பாத்தியின் பக்கம் திரும்பாதபடி முன்னதாகவே மாற்றிவையுங்கள். இலையும் மலரும் நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் எளிதில் பற்றும். பாத்திக்குச் சொட்டுக்குழாய் வாங்குவதானால், தொடக்கத்திலேயே இரண்டு பட்டைகளுக்கு நீட்டிக்கக்கூடிய விட்டமுள்ள முதன்மைக் குழாயாக வாங்கி, மறுமுனையை அடைத்துவையுங்கள்.