அஞ்சலட்டையும் ரப்பர் செருப்பும்: பல்கலைக்கழக ஆய்வு குறித்த வாசகர் கேள்விகள்

பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த மருத்துவ, வேளாண் கல்லூரிகளிலும் நடக்கும் ஆய்வுகளால் நமக்கு என்ன பயன் என்று கேட்டு, பழைய வட ஆர்க்காடு மாவட்டப் பகுதிகளிலிருந்து வந்துள்ள கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: என் மகள் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்கிறாள். ஐந்தாறு ஆண்டுகள் பாடுபட்டு எழுதும் ஆய்வேடு கடைசியில் நூலக அலமாரியில் தூங்கத்தானே போகிறது, வேலைக்குப் போகச் சொல்லுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
(ஒரு தந்தை, காட்பாடி)

பதில்: எடுத்துப் பார்ப்பாரின்றிக் கிடக்கும் ஆய்வேடுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் உங்கள் மகள் விரும்பும் அதே துறையில், உங்கள் ஊருக்குப் பாலாற்றின் அக்கரையில் நடந்த ஒரு பணியை உறவினர்களிடம் சொல்லிப் பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வகத்தில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும், போலியோ சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தை 1970-களில் தொடர்ந்து சோதித்து வந்தார்கள். மூன்று தவணை கொடுத்தால் போதும் என்பது மேலை நாடுகளில் கண்ட உண்மை. அதையே இங்கும் பின்பற்றி வந்தார்கள். ஆனால் மூன்று தவணையும் முறையாகப் பெற்ற வேலூர்க் குழந்தைகள் பலரின் இரத்தத்தில் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. வெயிலில் மருந்து கெட்டிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வீரியம் குறையாத மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே நிலைதான். நம் குழந்தைகளுக்குக் கூடுதல் தவணைகள் தேவை என்பதும், ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் நோய்க்கிருமி பரவ இடமில்லாமல் போகும் என்பதும் இந்தப் பணியிலிருந்து தெளிவாயின. வேலூர் நகரில் அவ்வாறே கொடுத்தும் பார்த்தார்கள். 1995-இல் நாடு முழுவதும் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்கள், நாம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள், இந்த எண்ணத்தின் விரிவே. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் மாதத்தில் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது.

அதே குழுவினர் 1980-களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் தொடங்கிய நோய்க் கண்காணிப்பு முறையையும் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டியிருந்த கருவி அச்சிட்ட ஓர் அஞ்சலட்டை. தட்டம்மை, டிப்தீரியா, மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில் ஒன்றை அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ கண்டால், அட்டையில் விவரத்தை நிரப்பி அஞ்சல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். வந்து சேரும் அட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கிராமத்தில் எது தலைதூக்குகிறது என்பது நோய் பரவுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சுகாதாரத் துறையினரும் உடனே அங்கே போக முடியும். கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் பின்னர் இந்த முறையை எடுத்துக்கொண்டது. கோடிக்கணக்கில் செலவிட்டு வாங்கும் கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த அஞ்சலட்டையே நினைவுக்கு வருகிறது, ஏனெனில் கேள்வி சரியாக இருந்ததால்தான் அத்தனை எளிய பொருளால் அத்தனை பெரிய வேலை நடந்தது. ஆகவே, எந்தக் கல்லூரி, எவ்வளவு உதவித்தொகை என்று கேட்பதற்கு முன், எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறாய் என்று மகளைக் கேளுங்கள். அதைத் தெளிவாகச் சொன்னாளென்றால், தடுக்காதீர்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் எம்.சி.ஆர். செருப்புதான் போட வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அது தொழுநோயாளிகள் போடும் செருப்பு என்று சொல்லிவிட்டதால், அத்தை அதைத் தொடவே மறுக்கிறார். உண்மை என்ன?
(ஒரு மருமகள், குடியாத்தம்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மை. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை என்பதை உங்கள் அத்தைக்கு எடுத்துச் சொல்வதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எலும்பு அறுவை மருத்துவரான டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்பது அந்தக் காலத்தில் மருத்துவர்கள் பலரும்கூட நம்பிய செய்தி. அவர் நோயாளிகளின் கைகளையும் கால்களையும் பொறுமையாகக் கவனித்து, நோய் நரம்பைத் தாக்குவதால் வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் சூடும் வெட்டும் கல்லும் முள்ளும் உண்டாக்கும் காயத்தை நோயாளி கவனிக்காமல் விடுகிறார், அந்தக் காயம் புரையோடித்தான் விரல் போகிறது என்று நிறுவினார். மடங்கிப்போன விரல்களை, நல்ல நிலையில் உள்ள தசைநாரை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை 1948 முதல் வேலூரில் நடந்து வந்தது. தொழுநோயாளிகளுக்கான இத்தகைய சீரமைப்பு உலகிலேயே முதலில் இங்குதான் நடந்தது. கைக்கு வழி பிறந்த பிறகும் பாதம் புண்ணாகிக்கொண்டே இருந்தது. நடக்கும்போது உடலின் எடை முழுவதும் பாதத்தின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுவதால் உள்ளே சதை நசுங்குகிறது. உணர்ச்சி உள்ளவர் தம்மை அறியாமலேயே காலை மாற்றி ஊன்றிவிடுவார், உணர்ச்சி இல்லாதவரால் அது முடியாது. எனவே எடையைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும் மெத்தை தேவைப்பட்டது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர், அதாவது எம்.சி.ஆர்., இப்படித்தான் வேலூரிலும் காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் செருப்புக்குள் வந்தது.

நீண்ட நாள் சர்க்கரை நோயும் பாத நரம்புகளை இதே போலத்தான் மரத்துப்போகச் செய்கிறது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிறகும் இந்தப் பணியைத் தொடர்ந்தார். வேலூர்த் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்துக் கற்றது, உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கும் மருத்துவமாயிற்று. உங்கள் அத்தை அணியப் போவது இந்தச் செருப்பைத்தான்.

வாங்கும்போது மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: நன்றாக உள்வாங்க வேண்டும், விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அடித்தளம் கெட்டியாக இருந்தால்தான் முள்ளும் ஆணியும் ஏறாது. செருப்பில் எங்கும் ஆணி அடித்திருக்கக் கூடாது. குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதையும், இரவில் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்ப்பதையும் வீட்டில் ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். தொழுநோயைப் பற்றிய அச்சத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். கூட்டு மருந்தால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முற்றிலும் குணமாகும் நோய் அது.

கேள்வி: பழைய சோறு வயிற்றுக்கு நல்லது என்று வேலூரில் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்களாமே?
(ஒரு வாசகி, ஆரணி)

பதில்: அப்படியே சொல்லவில்லை. குடலின் முன்பகுதியில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒரு வகை மாவுப்பொருளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. அத்தகைய மக்காச்சோள மாவுப்பொருளை உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, பேதியின் அளவும் அது நீடித்த நேரமும் குறைந்தன. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்த மாவுப்பொருளை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள், உப்பையும் நீரையும் உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள உதவுகின்றன. வடித்து ஆறவைத்த சோற்றிலும் செரிக்காத மாவுப்பொருள் ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் குழந்தைக்குப் பேதியானால் கொடுக்க வேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான். பழைய சோற்றை அதற்கு மருந்தாக நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரைக் கல்லூரி மாணவர்கள் வந்து புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு எவரும் திரும்பி வரவில்லை, தண்ணீரும் மாறவில்லை. இனி யாரையும் கிணற்றருகே விடக் கூடாது என்று ஊரில் பேசுகிறோம். சரிதானே?
(ஒரு விவசாயி, வாலாஜாபேட்டை அருகில்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நீரை எடுத்துச் சென்றவர் அந்த நீரில் என்ன இருந்தது என்பதைக் கிணற்றுக்குரியவரிடம் சொல்லாமல் விடுவது முறையற்ற செயல். அது எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி.

எனினும் கிணற்றை மூடிவிடாதீர்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்று. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறி இந்த நாட்டின் சட்டமாக அதில் உறுதியானது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பு: தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று அது காட்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை விவசாயிகள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வந்ததுதான் அது. அளந்து எழுதிய எண்ணாக நீதிமன்றத்தில் வந்து நின்றபோது, அதைத் தட்டிக்கழிக்க எவராலும் முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் கடுமையான ஆணைகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் தொழிலுக்குள் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. வழக்கமான முறையில், பதனிடப் பயன்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு போய்விடும். அந்தக் கழிவு நீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் குரோமியத்தை வண்டலாகப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழிற்சாலைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்ப மாணவர்கள் பயில்வதும் அந்த நிறுவனத்தில்தான். குரோமியத்தைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்புதான் முதல் அலசலிலேயே கழிவில் சேர்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நிறைவான வழி பிறக்கவில்லை. நம் பகுதிப் பல்கலைக்கழகங்கள் முதலில் கையிலெடுக்க வேண்டிய ஆய்வு இது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த முறை மாணவர்கள் வந்தால், வழிகாட்டும் பேராசிரியரின் பெயரையும் துறையின் முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டு, முடிவைத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகு நீரை எடுக்க விடுங்கள். அதற்குள் நீங்களே மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரி கொடுத்துப் பாருங்கள். முடிவில் மின்கடத்துத்திறன் (EC) என்ற வரியைக் கவனியுங்கள்; நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது அதுதான். அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு (dS/m) மேல் இருந்தால், பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் ஏற்றதன்று. விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டி, என்ன பயிரிடலாம் என்று கேளுங்கள்.

கேள்வி: ஒன்றரை மாதமான என் குழந்தையைத் தடுப்பூசி ஆய்வு ஒன்றில் சேர்க்கச் சொல்லி, சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். ஏழைகளின் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்று கணவர் வீட்டார் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
(ஓர் இளம் தாய், வேலூர்)

பதில்: உங்கள் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து எப்படி வந்தது என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த வைரஸ் உண்டாக்கும் கடும் வயிற்றுப்போக்கு, நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏராளமான பச்சிளங் குழந்தைகளைக் கொன்றுவந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை வீடுவீடாகச் சென்று கவனித்து, ஒரு முறை தொற்று வந்தால் அடுத்த முறைக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டாகிறது என்று கண்டறிந்தார்கள். மேலை நாட்டு அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது மறுபடியும் தெரியவந்தது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்த ஒரு வைரஸ் வகையைக் கொண்டு உருவாக்கிய இந்தியத் தடுப்பு மருந்து, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முதல் ஆண்டில் கடும் நோயைப் பாதிக்கும் மேல், 56 சதவீத அளவுக்கு, அது தடுத்தது. 2016-இல் சில மாநிலங்களிலும், 2017-இல் தமிழ்நாட்டிலும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் மருந்து சேர்ந்தது. உங்களைப் போன்ற தாய்மார்கள் அன்று சம்மதித்ததால்தான் இது நடந்தது.

அதற்காக நீங்கள் சம்மதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆய்வின் விவரத்தாளைத் தமிழில் தர வேண்டியது அவர்கள் கடமை. அதை வீட்டில் அனைவரும் படித்து, ஓரிரு நாள் யோசித்த பிறகு பதில் சொல்லலாம். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு, எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள், வழக்கமான தடுப்பூசிகளில் எதுவும் தள்ளிப்போகுமா என்று கேளுங்கள். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதால் மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையக் கூடாது. இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினால், மறுத்துவிடுங்கள். தெளிவாகச் சொன்னால், என் பேரக்குழந்தையாக இருந்தால் நான் சேர்ப்பேன். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு படியையும், இரவிலும் அழைக்கக்கூடிய மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் அப்போதே வாங்கி, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.