மூன்று கருக்கலைப்புகளுக்குப் பிறகு குழந்தை பிறக்குமா?

முடி உதிர்வு, எடை, மார்பகப் புற்றுநோய், உடலில் தங்கிவிட்ட மாத்திரை என்று உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், நீங்கள் அஞ்சுவது ஒன்றைத்தான்: மூன்று முறை கருவைக் கலைத்த பிறகு, முப்பத்தொரு வயதில், இனி ஒரு குழந்தையைச் சுமந்து பெற முடியுமா என்பதே அது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவும் செய்தியைக் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறை மாத்திரையால் கரு முழுமையாகக் கலையாததால் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள் என்றும், அதன் பிறகு ஐந்து நாள் வந்துகொண்டிருந்த மாதவிடாய் ஒரு நாள் கறையாகக் குறைந்துவிட்டது, வயிற்றுவலி மட்டும் மாதந்தோறும் வருகிறது என்றும் சொல்கிறீர்கள். தொல்லை குறைந்தது நல்லதுதானே என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நல்லதில்லை. ஓராண்டுக்கு முன்பே இதை ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறைக்கு மேல் கருப்பை தாங்காது என்று இணையத்தில் படித்திருக்கிறீர்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. உரிய வாரத்துக்குள், முறையாக, சிக்கலின்றி நடந்த கருக்கலைப்பு ஒன்றானாலும் மூன்றானாலும் பிற்காலக் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எந்த வழியில் கலைக்கப்பட்டது, அதன் பின் தொற்றோ காயமோ ஏற்பட்டதா என்பதைத்தான் நாங்கள் கேட்போம். உங்கள் முதல் இரண்டு முறைகளும் மாத்திரையோடு முடிந்துவிட்டன. அவற்றை எண்ணி நீங்கள் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. என் கவனம் முழுவதும் மூன்றாவதன் மேல்தான் இருக்கிறது.

கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் உதிர்ந்து, அடியில் உள்ள மெல்லிய அடுக்கிலிருந்து மீண்டும் வளர்கிறது. கர்ப்பம் கலைந்த சமயத்தில் கருப்பைச் சுவர் மிகவும் மிருதுவாக இருக்கும். அப்போது கூர்மையான கருவியால் ஆழமாகச் சுரண்டினால் அந்த அடி அடுக்கே சேதமடையலாம். சேதமடைந்த இடங்களில் முன்சுவரும் பின்சுவரும் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை 1948-இல் விரிவாக விவரித்த ஜோசப் ஆஷர்மன் என்ற மருத்துவரின் பெயரால் ஆஷர்மன் நோய்த்தொகுதி என்கிறோம். உட்சவ்வு வளர இடமில்லாதபோது மாதவிடாய் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. சினைப்பை வழக்கம்போல் இயங்குவதாலும், உதிரும் சிறிதளவு ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்குவதாலும் மாதாந்திர வலி மட்டும் நீடிக்கலாம். நீங்கள் விவரிப்பது இந்தப் படத்தோடு பெரிதும் பொருந்துகிறது. தைராய்டு கோளாறும் வேறு சில ஹார்மோன் காரணங்களும் மாதவிடாயைக் குறைக்கும் என்பது உண்மைதான்; எனினும் சுரண்டிய மறு மாதத்திலிருந்தே மாற்றம் தொடங்கியிருக்கும்போது முதலில் கருப்பையின் உள்ளேதான் பார்க்க வேண்டும்.

இந்த அபாயத்தையும் கருதித்தான், கூர்மையான கருவியால் சுரண்டும் பழைய முறையைக் கைவிட்டு உறிஞ்சி எடுக்கும் முறையைப் பயன்படுத்துமாறு உலகச் சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. அதனால் எந்த முறையில் சுத்தம் செய்தார்கள் என்ற விவரம் உள்ள மருத்துவமனைக் குறிப்பைத் தேடி எடுத்து வையுங்கள். சாதாரண ஸ்கேனில் இந்த ஒட்டுதல்கள் தெரியாமல் போவது உண்டு. ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்று யாராவது சொல்லித் திருப்பி அனுப்பினால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். ஹிஸ்டரோஸ்கோபி என்னும் மெல்லிய கேமராக் குழாயைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்ப்பதே உறுதியான பரிசோதனை. அதே கருவியின் வழியாக ஒட்டுதல்களைக் கண்ணால் பார்த்தபடியே வெட்டி விடுவிக்கவும் முடியும். ஒட்டுதல் லேசாக இருந்தால் மாதவிடாயும் கருத்தரிக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் மீள்கின்றன. கடுமையாக இருந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை சிகிச்சை தேவைப்படலாம். இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்து பழகியவரிடம் செல்வது நல்லது. அதுவரை கருத்தரிக்க முயல்வதை நிறுத்தி வையுங்கள்.

மாதவிடாயை வரவழைக்க நீங்களே வாங்கிச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையையும் நிறுத்துங்கள். தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. ஒட்டுதலை வெட்டி நீக்கிய பிறகு உட்சவ்வு வளர ஹார்மோன் கொடுப்பது உண்டு. எதை, எத்தனை நாள் என்பதை உள்ளே பார்த்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது முறை ஸ்கேன் எதுவும் எடுக்காமல் நீங்களாகவே மாத்திரை போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்கப்போவதில்லை. கரு சினைக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் அதைக் கலைப்பதில்லை. ஆனால் கருப்பையிலிருந்து ஓரளவு ரத்தம் போகக்கூடும். வேலை முடிந்தது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டத் தொடங்கலாம். மாத்திரை போட்ட பின் ரத்தப்போக்கு மிகக் குறைவாக இருந்து, வயிற்றின் ஒரு பக்கம் வலி, தலைச்சுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் முழுவதும் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலும் அதேதான்.

இரண்டாவது முறைக்குப் பின், மாதவிடாய் வரும்வரை கருத்தரிக்காது என்று நம்பியதாகவும், இரண்டே மாதத்தில் மறுபடி கருவுற்றதாகவும் சொல்கிறீர்கள். கரு கலைந்த எட்டாவது நாளிலேயே கருமுட்டை வெளியாகக்கூடும். அது மாதவிடாய்க்காகக் காத்திருப்பதில்லை. ஹிஸ்டரோஸ்கோபி முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை உங்களுக்குக் கருத்தடை தேவைப்படுவதால்தான் இதைச் சொல்கிறேன். அதற்கு ஆணுறை போதும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை. 16 நாடுகளின் 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004-இல் வெளியிட்ட பகுப்பாய்வு அந்தப் பயத்தைத் தீர்த்து வைத்துவிட்டது. முன்பு சாப்பிட்ட மாத்திரை சில நாட்களிலேயே உடலைவிட்டு வெளியேறியிருக்கும், அதை வெளியேற்றக் கஷாயம் எதுவும் வேண்டாம். கர்ப்பம் முடிந்த இரண்டு மூன்று மாதங்களில் முடி கொட்டித் தானே மீண்டும் வளர்வது வழக்கம்; உங்களுக்கு அது ஓராண்டாக நீடிப்பதால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு அளவுகளைப் பார்த்துவிடுங்கள். எடை கூடியதற்குக் கருக்கலைப்பைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் மட்டும், குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உங்கள் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று குறிப்பில் பாருங்கள். எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்பதை எளிய ரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

கருத்தரித்த பிறகு உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கருப்பையைச் சுரண்டியவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு சற்றே கூடுகிறது. ஒட்டுதலுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாகப் பதிந்து, பிரசவத்தின்போது பிரியாமல் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தையும் நச்சுக்கொடி பதிந்திருக்கும் விதத்தையும் கவனித்துப் பார்த்து, ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வார்கள்.