பதில்: பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கு வாலட் செயலி

வணக்கங்க. திருப்பூர் தொழிலாளர்களின் வாரச் சம்பளத்துக்குச் சொந்தமாக வாலட் (பணத்தைப் போட்டு வைத்துச் செலவழிக்கும் செயலி) தொடங்கலாமா, கையில் 40 லட்சம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே ரிசர்வ் வங்கியிடம் 5 கோடி நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) காட்ட வேண்டும், பிறகு அதை 15 கோடியாக்க வேண்டும். மக்கள் போடும் பணத்தைத் தொழிலில் புரட்டவும் முடியாது.

அப்புறம் யுபிஐ இருக்கிறது. பேக்கரியில் டீக்கே ஸ்கேன் செய்கிறார்கள், கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லை. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வளர்ந்தது, வங்கி எட்டாத ஊரில் பெட்டிக்கடை முகவர்கள் பணத்தை வாங்கிப் போட்டு, எடுத்தும் கொடுத்ததால். இங்கே அந்த இடம் காலியாக இல்லை.

காலியாக இருப்பது வேறு. ஒரு பவர் டேபிள் யூனிட்டில் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் இடம்) ஐந்து வருடம் கணக்கு எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் பணம் கொடுக்க அரை மணிதான். எத்தனை பீஸ், எந்த ரேட், அட்வான்ஸில் எவ்வளவு கழித்தது என்று ஒத்துக்கொள்ள மூன்று மணி நேரம். ஒடிசாப் பையன் ஒருவன் தன் பீஸ் கணக்கைத் தீப்பெட்டி அட்டையில் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பான். நோட்டில் 20 பீஸ் குறைந்தால் அவன் பேச்சு எடுபடாது.

அந்தக் கணக்கைத் தொழிலாளி, கம்பெனிக்காரர் இருவர் போனிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் காட்டுங்க. பணம் வங்கி வழியே போகட்டும், கட்டணத்தைக் கம்பெனியிடம் வாங்குங்க. முதலில் நான்கு யூனிட்டில் ஒரு மாதம் சனிக்கிழமைதோறும் போய் உட்காருங்க.