பாதி மலையில் கொதிக்கும் ரேடியேட்டர்: மூடியைத் திறக்கலாமா?

கேள்வி: குடும்பத்தோடு சேலத்திலிருந்து ஏற்காடு போகும்போது, பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார் நண்பர். பயந்து விட்டுவிட்டேன். ஏசியும் டவுனுக்குள் மெதுவாகப் போகும்போது குளிர்வதே இல்லை. ஆன்லைனில் ஏசி கேஸ் டப்பா விற்கிறார்களே, வாங்கி நானே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பயந்தது நல்லதாகப் போயிற்று. என் இடது முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. தொழில் பழகிய காலத்தில், "துணி சுற்றித்தானே திறக்கிறோம்" என்று திறந்த மூடி கொடுத்தது.

ரேடியேட்டருக்குள் இருப்பது வெறும் சுடுதண்ணீர் இல்லை. மூடி அழுத்திப் பிடித்திருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடி விலகியதும் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு நேரே பீய்ச்சும். துணி அதைத் தாங்காது.

முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்புறம் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது, வளைவில் மட்டும் நிறுத்தவே கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லும் வையுங்கள். முள் சிவப்பில் நின்றாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும். ஆவி அடங்கும்வரை பானட்டைத் தூக்காதீர்கள். தூக்கிய பிறகும் ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றும்.

குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். பிறகு தடித்த துணி வைத்து, ரேடியேட்டரின் மேல் பக்க ரப்பர் குழாயை (ஹோஸ்) அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் பிரஷர் இருக்கிறது, காத்திருங்கள். குழைந்து கொடுத்தால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி நிறுத்துங்கள். 'உஸ்' சத்தம் முழுசாக அடங்கிய பிறகு மீதியைத் திறக்கலாம். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்) விரிசல் விடலாம். தரையில் கூலன்ட் (ரேடியேட்டருக்குள் ஓடும் திரவம்) சிந்தியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அது இனிக்கும், அதனால் தெருநாய் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும்.

சரி, கேஸ் டப்பாவுக்கு வருவோம். வேண்டாம் என்பதே என் பதில். பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். திரவமாகத் தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து வெளுத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 40 டிகிரி வெயிலில், ஏசி ஓடாமல் நிற்கும் வண்டியின் குழாயில்கூடச் சுமார் 130 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். உங்கள் டயரில் இருப்பதைப் போல நாலு மடங்கு. ஓடும்போது ஹை சைடில், அதாவது கம்ப்ரசர் கேஸை அழுத்தித் தள்ளும் பக்கத்தில், 200க்கு மேலே போகும். டப்பாவைத் தவறி அந்தப் பக்கம் மாட்டினால், கேஸ் திரும்பி ஏறி டப்பா வெடிக்கும். கேஸ் ஏறவில்லையென்று டப்பாவைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், நினைத்தாலே நடுங்குகிறது.

ஒர்க்‌ஷாப்பிலும் கவனியுங்கள். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுகிறார்களா, மெஷினில் பிடித்து எடுக்கிறார்களா? மெஷினில் பிடிப்பதுதான் சரி. லீக் பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கேஸ் ஒழுகும் இடத்தில் பீடி, வெல்டிங் எதுவும் ஆகாது. நெருப்பில் பட்டால் அது விஷப்புகையாக மாறும்.

இத்தனைக்கும் உங்கள் வண்டியில் கேஸ் குறைந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். மெதுவாகப் போகும்போது ஏசி குளிரவில்லை, மலையேறினால் இன்ஜின் கொதிக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் ஃபேனைத்தான், இரண்டுக்கும் காற்று இழுப்பது அதுதானே. சமதளத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, கையையும் சட்டை நுனியையும் தள்ளி வைத்துக்கொண்டு, இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் இந்த மூன்றையும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.