மித்ராஸ் கோயிலின் அடியார்களும் உபயதாரர்களும்: கேள்வி பதில்

கேள்வி: பண்டைய ரோமப் பேரரசில் வணங்கப்பட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் வழிபாடு ரோமப் படைவீரர்களுக்கு மட்டும் உரியதா?

பதில்: அது பாதி உண்மைதான். பிரிட்டனில் ரோமர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கேரோபரோவில் கிடைத்த மூன்று பலிபீடங்களை நிறுவியவர்கள் படைத்தலைவர்களே. ஆனால் இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள போய்டோவியோவில் இந்த வழிபாட்டை வளர்த்தவர்கள், சுங்க வசூலில் கணக்கு எழுதிய அடிமைகள். ரோம் நகரிலும், பேரரசர் டிராஜன் காலத்துக் காவற்படைத் தலைவர் லிவியானஸின் பண்ணையை மேற்பார்த்த அல்கிமஸ் என்ற அடிமை, காளையைக் கொல்லும் மித்ராஸின் பளிங்குச் சிலையைக் காணிக்கையாக வைத்தார். எசமானரின் பெயரையும் அதில் பொறிக்க அவர் மறக்கவில்லை.

கேள்வி: கோயில் செலவை யார் ஏற்றார்கள்?

பதில்: பெரும்பாலும் உறுப்பினர்களே. இதற்கு நான் முதலில் காட்டுவது, ஆஸ்திரியாவில் பழைய விருனும் நகரம் இருந்த இடத்தில் கிடைத்த வெண்கலப் பலகையை. இடிந்து விழுந்த கோயிலைத் தம் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டிய 34 பேரின் பெயர்கள், நம் கோயில்களின் உபயதாரர் பலகையைப் போலவே, கி.பி. 183 வாக்கில் அதில் பொறிக்கப்பட்டன. மறு ஆண்டு ஜூன் 26 அன்று, நேர்ந்த சாவுகளை முன்னிட்டு அவர்கள் கூடியதாக அப்பலகையே சொல்கிறது. அப்போது பரவியிருந்த கொள்ளைநோயே காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அதன் பிறகு ஆண்டுதோறும் சேர்ந்தவர்களின் பெயர்களை வெவ்வேறு கைகள் செதுக்கிக்கொண்டே வர, கி.பி. 201 அளவில் எண்ணிக்கை 98 ஆயிற்று. இருபுறத் திண்ணைகளில் சாய்ந்து விருந்துண்ணும் இத்தகைய சிறு கோயிலில் முப்பது நாற்பது பேருக்கு மேல் இடம் இருந்திராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பேரரசர்கள் ஆதரித்தார்களா?

பதில்: கி.பி. 308இல் இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள கார்னுண்டத்தில் கூடிய, முன்னாள் பேரரசர் டயோக்ளீஷியன் முதலானோர் அங்கிருந்த மித்ராஸ் கோயிலைப் புதுப்பித்தனர். அக்கல்வெட்டில் புரவலர் என்று போற்றப்படுவது அரசர்கள் அல்லர். மித்ராஸே அவர்களுடைய பேரரசின் புரவலர்.

கேள்வி: பெண்களுக்கு இடம் இருந்ததா?

பதில்: விருனும் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கி.பி. 384இல் இறந்த செல்வந்தர் பிரீடெக்ஸ்டேட்டஸின் நினைவுக் கல்வெட்டு இன்னும் தெளிவானது. அவர் மித்ராஸ் வழிபாட்டின் மிக உயர்ந்த பட்டமான ‘தந்தையரின் தந்தை’யைப் பெற்றவர். அவர் மனைவி பவுலினாவோ எலூசிஸ், ஐசிஸ், ஹெகட்டி ஆகிய மறைவழிபாடுகளில் எல்லாம் தீட்சை பெற்றவராக அதே கல்லில் பதிவாகியிருக்கிறார்; அந்தப் பட்டங்களுக்கிடையே மித்ராஸ் மட்டும் இல்லை.