தண்ணியும் வெள்ளமும் இரண்டு வார்த்தைதான்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டிலும் அங்கன்வாடியிலும் மலையாளம். மொத்தமே ஒன்பது பத்து வார்த்தைதான் பேசுகிறான், அதிலும் ஒரு நாள் "தண்ணி" என்பான், மறுநாள் அதையே மலையாளத்தில் "வெள்ளம்" என்பான். இரண்டு பாஷையில் குழம்பிவிட்டான், அங்கன்வாடியை நிறுத்து என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாமியாரோ, "இவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தான், சும்மா இரு" என்கிறார். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான். ஆனால் மொபைலில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான், அதனால் காதில் குறை இருக்காது என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: அங்கன்வாடியை நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. நானும் பயிற்சி முடித்த புதிதில் "ஒரே பாஷையில் பேசுங்கள்" என்று சில வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன், அது தப்பு. பாட்டி ஒரு மொழி, தெரு ஒரு மொழி என்று இருக்கிற பிள்ளையிடம் ஒன்றைப் பிடுங்கினால் அவனிடம் பேசுகிற ஆட்கள்தான் குறைவார்கள்.

ஆனால் எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தண்ணி ஒன்று, வெள்ளம் ஒன்று. பால், பூ, வா, போ மாதிரி இரண்டுக்கும் பொதுவானவை ஒரு தடவைதான். எப்போதும் பாலுக்கு மட்டும் "பா" என்றால் அதுவும் வார்த்தை, ஆட்டைப் பார்த்து "மே" என்றால் அதுவும்தான். ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே வரும். அப்படியும், இரண்டு வயதில் ஐம்பது வார்த்தையாவது இருக்க வேண்டும், "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டைச் சேர்த்தும் சொல்ல வேண்டும். உங்கள் மகன் அதிலிருந்து தள்ளித்தான் இருக்கிறான், அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை.

கடிதத்தில் நான் நின்ற இடம், சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான் என்பது. பாட்டுக்கு ஓடி வருவதை வைத்துக் காதைத் தீர்மானிக்க முடியாது. கதவு சாத்துவதும் பாட்டும் கேட்கிற குழந்தைக்கே ச, ஸ போன்ற மெல்லிய ஓசைகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும், வீட்டில் "பிடிவாதம்" என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். பிறந்தபோது காது பரிசோதனை நன்றாக வந்திருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். உள்காது ஓசைக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ., செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டும் சில நிமிட வேலை, தேவைப்பட்டால் ஓசை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள். ஒன்றிலும் வலி கிடையாது.

மாமியார் சொன்னதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தாமதப் பேச்சு குடும்பவழியாக வரும், அதனால் அது இன்னும் சீக்கிரம் காட்டுவதற்கான காரணமே தவிர சும்மா இருப்பதற்கான காரணம் அல்ல. தாமதமாகப் பேசுகிற பிள்ளைகளில் பலர் தானாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் செய்கிறானா? காக்காவைப் பார்த்தால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இரண்டும் இல்லை என்றாலோ, பேசிய வார்த்தைகள் நின்றுபோனாலோ உடனே கிளம்புங்கள். பிள்ளைகளின் உடல், வளர்ச்சிக் குறைகளைக் கண்டுபிடிக்க மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற இலவச மையம் உண்டு, உங்களுக்குப் பாலக்காடு. அங்கன்வாடிக்கும் அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும், எப்போது வருகிறார்கள் என்று டீச்சரிடம் கேளுங்கள். பொள்ளாச்சியிலோ கோவையிலோ தனியாரிடம் காட்டினால், ஸ்பீச் தெரபிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அதுவரை "சொல்லு, சொல்லு" என்று விரட்டாதீர்கள், பல வீடுகளில் பிள்ளை வாயை மூடிக்கொள்வதே அதனால்தான். அவன் "பா" என்றால் நீங்கள் "பால் வேணுமா, சூடான பால்" என்று நீட்டிச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி சும்மா இருப்பதுதான் கஷ்டம், எனக்கே கஷ்டம். வாழைப்பழமா பிஸ்கட்டா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். மொபைலை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, இந்த வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. அவன் ஓடி வருகிறானே அந்த விளம்பரப் பாட்டு, அதை நீங்கள் பாடிக் காட்டி நடுவில் நிறுத்திப் பாருங்களேன்.

கேள்வி: மூன்றரை வயது மகள் வீட்டில் தமிழில் ஒரே வாயாடி. அங்கன்வாடியில் எல்லாம் தெலுங்கு. சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது, அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்.
— நகரி

பதில்: வீட்டில் தன் மொழியில் சரளமாகப் பேசினால் அது பேச்சுத் தாமதம் அல்ல. புது மொழிக்குள் போகிற குழந்தைகள் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், சகஜம். "கூர்ச்சோ" என்றால் உட்காருகிறாளா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறாளா என்று மட்டும் டீச்சரிடம் கேளுங்கள். அங்கே தமிழ் பேசுகிற பிள்ளையிடமும் பேசவில்லை, மாதங்கள் போயும் அப்படியே இருக்கிறாள் என்றால் காட்டலாம், அது வேறு பிரச்சினை.

கேள்வி: பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது, ஒரு வார்த்தை வரவில்லை. வயம்பு உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவலாமா? நாக்கு ஒட்டியிருக்கிறது, அதை வெட்டினால் சரியாகும் என்றும் சொல்கிறார்கள்.
— ஒரு தாத்தா, களியக்காவிளை

பதில்: ஐயா, வயம்பு என்கிற வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருந்தாலும் அதனால் பேச்சு வராது, தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் ஆபத்து, அடுத்த பேரக்குழந்தைக்காகச் சொல்லி வைக்கிறேன். நாக்கு ஒட்டியிருந்தால் ல, ர போன்ற சில ஒலிகள் தட்டலாம், ஒரு வார்த்தையும் வராமல் இருக்க அது காரணம் அல்ல. காதைப் பார்க்க வேண்டும், இந்த மாதமே. திருவனந்தபுரம் ஆக்குளத்தில், காதும் பேச்சும் பார்க்கிற நிறுவனம், நிஷ் என்று கேளுங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வழியில் பஸ்ஸில் தூங்க விட்டுவிடாதீர்கள், அங்கே போய்த் தூங்கினால்தான் பெரா எடுக்க வசதி.