ஏக்கரும் மாவும் கலந்த விகிதக் கணக்கு

2 ஏக்கரில் நெல், 4 மாவில் (மா என்பது நிலம் அளக்கும் ஓர் அளவு) உளுந்து என்றால் நெல் நிலத்துக்கும் உளுந்து நிலத்துக்கும் என்ன விகிதம் என்ற கணக்குக்கு விடை 3:2 தான், உங்கள் மகள் போட்ட 1:2 இல்லை. 2 ஏக்கர் நெல், 4 மா உளுந்து என்றதும் எண்ணை மட்டும் பார்த்து 2:4 என்று எழுதிச் சுருக்கியிருப்பாள், அலகைக் கவனித்திருக்க மாட்டாள். ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குவார்கள்.

தஞ்சைப் பக்கம் 3 மா ஒரு ஏக்கர் என்றுதானே கணக்கு, அப்போ 2 ஏக்கர் 6 மா. 6:4, இரண்டையும் 2 ஆல் வகுத்தால் 3:2. சமான விகிதமா என்று சரிபார்க்க 6:4 = 3:2 என்று எழுதி, ஓரத்து எண்களையும் நடு எண்களையும் தனித்தனியாகப் பெருக்கச் சொல்லுங்கள்: 6×2, 4×3, இரண்டும் 12 வந்தால் சரி.

ஒன்று மட்டும், மா அளவு ஊருக்கு ஊர் மாறும். கேள்வித்தாளில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.